பூட்டன் பெயர் எழுதிய ஏடு முல்லைத்தீவில் இருக்கட்டும்

2025 மார்ச் 28ஆம் திகதி வெளிவந்த ஒரு வர்த்தமானி அறிவித்தல் வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டது. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வராவிட்டால் அந்தக் காணி அரச காணியாகிவிடும் என்றது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அந்த அறிவித்தலில் முல்லைத்தீவு மாவட்டத்தின் பங்கு மட்டும் 1,703 ஏக்கர். எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போடப்பட்டது, உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் அறிவித்தலை விலக்கிக்கொண்டது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் வெளிப்பட்ட பலவீனம் இன்னும் அப்படியே கிடக்கிறது. காணி உறுதி பூட்டன் பெயரில் இருக்கும். காணியில் இருப்பவர் பூட்டப்பிள்ளையாக இருப்பார். இருவருக்கும் இடையே பூட்டனின் மரணப் பதிவு, பாட்டனின் பிறப்புப் பதிவு, அவரது விவாகப் பதிவு, தகப்பனின் பிறப்புப் பதிவு என்று ஏழெட்டுத் தாள்கள் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஊரறிந்த உறவு அலுவலக மேசையில் செல்லாது. வசதியான நாடுகளில் முன்னோரைத் தேடுவது ஓய்வுபெற்றவர்களின் விருப்ப வேலையாக இருக்கலாம். வன்னியில் அது காணிக்கும், பிரசாவுரிமைக்கும், காணாமற்போன பிள்ளையைத் தேடுவதற்கும் போடவேண்டிய முதல் அடி. அதனால்தான் குடும்பப் பதிவு ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் இருக்கவேண்டும் என்கிறேன். தொலைவில் ஒரு பிரதி பாதுகாப்புக்கு, மாவட்டத்துக்குள் ஒரு பிரதி பாவனைக்கு. அந்த இரண்டாவது பிரதியை முல்லைத்தீவு மக்களுக்கு உண்டாக்கிக் கொடுப்பது அரசின் கடமை.

இந்த மண்ணில் எந்தத் தாள் தப்பியது, எது தப்பவில்லை என்று பார்த்தால் இந்த வாதத்தின் அடிப்படை புரியும். 1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது வீட்டுப் பெட்டியில் இருந்த உறுதியும் பேமிற்றும் வீட்டோடு போயின. 1996 ஜூலையில் முல்லைத்தீவு நகரம் போர்க்களமாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று அதே நகரத்தைக் கடல் எடுத்தது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் ஒரு குடும்பம் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பத்துத் தடவைக்கு மேல் இடம்பெயர்ந்ததும் உண்டு. பிள்ளையைத் தூக்கியவர்களால் பையைத் தூக்க முடியவில்லை. அப்படியும் சில தாள்கள் இன்று கைக்கு எட்டுகின்றன என்றால், அவை எங்கோ ஓரிடத்தில் இரண்டாம் தடவை எழுதி வைக்கப்பட்டிருந்ததே காரணம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் உரியவரிடம் போகும், ஒன்று நொத்தாரிசின் ஏட்டில் இருக்கும், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் பங்குப் பதிவேடுகளின் பிரதியை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. இந்த ஏற்பாடுகளைச் செய்தவர்கள் போரை நினைத்துச் செய்யவில்லை. கறையானையும் தீயையும் நினைத்துச் செய்தார்கள். அது போருக்கும் உதவியது. மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சிட்டவற்றை வேறெங்கும் தேடிப்பிடிக்க வழியிருந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகள் போனது போனதுதான்.

அயர்லாந்து இதைவிடப் பெரிய அழிவைக் கண்டது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் இருந்த பொது ஆவணக் கட்டடம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுப் பதிவுகளோடு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிச் சனத்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் சாம்பலாயின. நூறு ஆண்டுகளாக அந்த நாட்டு மக்களுக்குப் பாட்டன் பூட்டனைத் தேடுவது சுவரில் முட்டும் வேலையாக இருந்தது. 2022இல், அழிவின் நூற்றாண்டை ஒட்டி, அயர்லாந்து ஓர் இணையச் சுவடிக்கூடத்தைத் திறந்தது. எரிந்த ஒவ்வொரு தொகுதிக்கும் லண்டனிலும் பெல்பாஸ்டிலும் வேறு நாடுகளிலும் என்ன பிரதி, என்ன சுருக்கம், என்ன குறிப்பு எஞ்சியிருக்கிறது என்று தேடி, படமெடுத்து, ஒன்றாக்கியிருக்கிறார்கள். எரிந்ததை எவராலும் மீட்க முடியாது. ஆனால் எரிந்தது என்று கைவிட்டவற்றில் எவ்வளவு வேறிடங்களில் கிடந்தது என்பது தேடிய பிறகுதான் தெரிந்தது. முல்லைத்தீவுக்காக அப்படியொரு தேடலை அரசு ஒருமுறையேனும் தொடங்கியிருக்கவேண்டும்.

தேடவேண்டிய இடங்களும் பல. இன்றைய முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவானது. அதற்கு முந்திய நிர்வாகத் தாள்களைத் தேடிப் பெரும்பாலும் வவுனியாவுக்குப் போகவேண்டும். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. அதன் பழைய பதிவுகளுக்கு யாழ்ப்பாணம். ஆங்கிலேயர் காலத்து நிர்வாகக் கோவைகள் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கோவைகள் லண்டனில். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு அந்தக் காலத்து வன்னியை அறிய இன்றும் உதவுகிறது. ஆனால் அது நிர்வாகி எழுதிய நூல். குடும்பங்களின் பெயரேடு அன்று. ஒல்லாந்தர் தமது ஆட்சிக்கு நேரே உட்பட்ட கரையோரங்களில் காணிக்கும் குடும்பத்துக்கும் தோம்பு என்ற பதிவேடு எழுதினார்கள். வன்னியோ 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் வன்னிமைகளின் கையில், யானைத் திறை செலுத்திய நாடாக இருந்தது. அதனால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று தோம்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகக்கூடிய தூரம் வன்னிக் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. வன்னியின் பழைய வரலாறு வையாபாடல் போன்ற நூல்களிலும் கோயில் மரபுகளிலும் முதியோர் வாய்மொழியிலும்தான் தங்கியது. குடிமக்களின் பெயரை எழுதிய ஏடு என்று இங்கே நம்பக்கூடியது, 1867இல் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுதான். அது போனால் இங்குள்ளவருக்கு அதற்கு முந்தி ஒதுங்க வேறு திண்ணை இல்லை.

தமிழ்ப் பெயரிடும் வழக்கமும் இந்தப் பதிவின் பெறுமதியைக் கூட்டுகிறது. குடும்பப் பெயர் உள்ள சமூகத்தில் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டே நான்கு தலைமுறை பின்னே போகலாம். நம்மிடம் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயருடைய நால்வர் இருப்பார்கள். பழைய பதிவு ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், தமிழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தவருக்குப் பிரதி எடுப்பது சுலபம். தெரியாதவர் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் தேடிப்பார்க்கும்படி விண்ணப்பித்து, அகப்படவில்லை என்றால் மறுபடியும் பணம் கட்டி வேறு ஆண்டுகளில் தேடச் சொல்லவேண்டும். பாட்டியின் பிறந்த ஆண்டு “பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்” என்று மட்டும் நினைவில் உள்ள குடும்பம் எத்தனை விண்ணப்பம் எழுதும்? கடைசியில் ஒரு சத்தியக் கடதாசியோடும் உத்தேச வயதுச் சான்றிதழோடும் ஆறுதலடைந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழ் ஒருவரின் வயதைத் தீர்மானிக்கும். அவர் யாருடைய பேரப்பிள்ளை என்பதை நிறுவாது.

யாருடைய பேரப்பிள்ளை என்ற கேள்வியை இலங்கை அரசு சும்மா கேட்கவில்லை. நமது பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்தவர்கள் அதில் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் தனித்தனி நிரல்கள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். பாட்டனின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம்; தகப்பன் இலங்கையில் பிறக்கவில்லையென்றால் பூட்டனின் விபரமும். இந்த நிரல்களைப் புரிந்துகொள்ள 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்று அது கேட்டது. பதிவேடே பரவலாக இல்லாத காலத்தில் பிறந்த பூட்டனுக்குத் தாள் காட்டச் சொன்ன சட்டம் அது. இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் அந்தத் தாள் இல்லாமல் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் 975,000 பேரில் 150,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மற்றவர்களைத் தமக்குள் பங்கிட்டன. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் அவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையைக் கொடுத்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர் அல்லது அவரது சந்ததி என்பதே தகுதியாக வைக்கப்பட்டது. பரம்பரையைக் காட்டு என்று சட்டம் கேட்கும்போது, அதைக் காட்டும் ஏட்டைக் காப்பாற்றி, எட்டும் தூரத்தில் வைக்கும் பொறுப்பும் அந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்கே உரியது. வன்னியில் குடியேறிய ஒரு மலையகக் குடும்பத்தின் தாள்கள் தோட்டத்துப் பேர்ப்பதிவிலும், நுவரெலியாவிலோ பதுளையிலோ உள்ள பதிவகத்திலும், சிலவேளை தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. அகதியாகக் கடல் கடந்து மண்டபம் முகாமில் பிள்ளை பெற்ற வன்னிக் குடும்பத்துக்கும் இதே நிலைதான்.

அந்த அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு குறையும் உண்டு. பாட்டன், பூட்டன் என்று அது தந்தைவழியை மட்டும் கேட்டது. வட மாகாணத் தமிழரின் காணியோ தந்தைவழியில் மட்டும் போவதில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று வகை உண்டு. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவள் மகளுக்கும் போவது ஊர் வழக்கம். நாலு தலைமுறை சீதனமாக வந்த காணிக்கு நாலு தலைமுறை பெண்களின் பெயர் வேண்டும். அவர்களுடைய பெயரைத் தொடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் விவாகப் பதிவும் சீதன உறுதியும்தான். விவாகத்தைக் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டு, பதிவுக்குப் போகாத குடும்பங்கள் முன்பு ஏராளம். போருக்குப் பின் முல்லைத்தீவில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்பது ஊரறிந்தது. தாய்வழிக் காணியை நிறுவும் பாரம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே இங்கே அமையவேண்டிய பெயரகராதி தாயின் பெயரையும் தாயின் தாய் பெயரையும் கொண்டு தேடக்கூடியதாக இருந்தாலொழிய அரைவாசி வேலைக்கே உதவும்.

காணாமற்போனோர் விடயத்தில் ஒரு மாவட்டக் கச்சேரியின் தாள்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எண்ணிக்கை பற்றி விவாதம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை எண்ணோடு கேட்க முடிந்தது கிராம அலுவலர்களும் கச்சேரி எழுதுவினைஞர்களும் இடப்பெயர்வுக்குள்ளும் பெயர் எழுதியதால்தான். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு வெட்டிய குழியில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 2024 ஜூலைவரை நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. எலும்புக்குப் பெயர் கொடுக்க இரத்த உறவு வேண்டும். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் 7,000 பேரளவில் அடையாளம் காணப்பட்டதற்கு, உறவினர் கொடுத்த இரத்த மாதிரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதே வழி. தாயும் தகப்பனும் கூடப் போய்விட்ட பிள்ளைக்கு, மாமனையும் சித்தியையும் ஒன்றுவிட்ட சகோதரத்தையும் கண்டுபிடித்து மாதிரி எடுக்கவேண்டியிருக்கும். குடும்ப மரம் தெரியாமல் அந்த வேலை நகராது. பிள்ளைகளைத் தேடி வீதியோரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காக இருந்த தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த உறவுமுறையை இன்று எழுதாவிட்டால் நாளை கேட்க ஆளில்லை.

எல்லாம் கணினிமயமாகிவிட்டதே, 1960க்குப் பிந்திய பதிவுகளை எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாமே, பிறகேன் சுவடிக்கூடம் என்று கேட்கலாம். அந்த வசதி நல்லது. எத்தனையோ பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் பூட்டனுக்கும் பாட்டனுக்கும் வேண்டிய பதிவு 1960க்கு முந்தியது. கணினியில் ஏறியது பதிவாளரின் ஏடு மட்டுமே. பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பும், பழைய வாக்காளர் இடாப்பும், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களின் பேமிற் கோவைகளும், நொத்தாரிசுமாரின் ஏடுகளும், பங்குப் பதிவேடுகளும் அதில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரைப் பள்ளிக்கூட இடாப்பு காட்டிக்கொடுக்கும். ஒன்றை வைத்துத்தான் மற்றதைச் சரிபார்க்க முடியும்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெயர்ப் பட்டியல் ஆபத்தானது என்பது இந்த நாட்டுத் தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடிவந்தன. குடும்பத்தில் யார் இயக்கத்தில் இருந்தார், யார் எந்தச் சாதி, எந்தப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இல்லை என்பதெல்லாம் பிறர் கையில் போவதை எவரும் விரும்பார். இந்தப் பயம் நியாயமானது, அதை மதித்தே விதி செய்யவேண்டும். நூறு ஆண்டுக்குட்பட்ட பிறப்புப் பதிவு, உரியவருக்கும் நேரடிச் சந்ததிக்கும் மட்டும். அதற்கு முந்தியது எல்லோருக்கும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நம்மைத் தேடிவரக்கூடியவர்களின் கையில் பட்டியல் எப்போதும் இருந்தது. நம் கையில்தான் இருக்கவில்லை. மக்களுக்குப் பிரதி மறுப்பதால் அந்த ஆபத்து ஓர் இம்மியும் குறையாது.

சாதிப் பெருமைக்கே இது உதவும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. காணியும் காசும் படிப்பும் இருந்த குடும்பங்கள் தமது வரலாற்றை எப்போதோ எழுதிவிட்டன. அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டிலும் நினைவு மலரிலும் ஆறு தலைமுறை வம்சாவழி இருக்கும். கூலிக்குப் போனவருக்கும் கடலுக்குப் போனவருக்கும் கல்வெட்டு அச்சிட்டவர் குறைவு. அவர்கள் பெயர் எழுதப்பட்ட இடங்கள் அரசின் பிறப்பு இறப்புப் பதிவும் பள்ளிக்கூட இடாப்பும் மட்டும்தான். அந்தப் பதிவேட்டில் இனம் கேட்கப்பட்டது, தொழில் கேட்கப்பட்டது. சாதிக்கு நிரல் இருக்கவில்லை. பொதுச் சுவடிக்கூடம் இல்லாத இடத்தில் வரலாறு வசதியானவர்களின் அலுமாரிக்குள் இருந்துவிடும். அதனால் இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பவேண்டியவர்கள், இழக்க உறுதி என்று ஒன்றுமே இல்லாதிருந்தவர்கள்.

2012/13 கணக்கெடுப்பில் 28.8 விழுக்காட்டோடு வறுமையில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டத்துக்கு வீடும் வீதியும் இருக்க ஏட்டுக்கு ஏன் செலவு என்ற கேள்வியும் வரும். ஆனால் ஏடு இல்லாததற்கும் இந்த மக்கள் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பஸ் காசு, சத்தியக் கடதாசிக்கு, சட்டத்தரணிக்கு, இழந்த நாட்கூலி. அதைக் கூட்டிப் பார்த்தால் சில படமெடுக்கும் கருவிகளும், ஈரம் புகாத ஒரு கட்டடமும், பயிற்சி பெற்ற சில இளைஞர்களின் சம்பளமும் பெரிய தொகையாகத் தோன்றாது.

வேண்டியது இதுதான். கரையிலிருந்து விலகி, வெள்ளம் ஏறாத மேட்டில், தேசிய சுவடிக்கூடத்தின் பொறுப்பில் முல்லைத்தீவுக்கு ஒரு மாவட்டச் சுவடிக்கூடம். வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய இடங்களில் உள்ள வன்னிப் பதிவுகளின் மின்பிரதிகள் அங்கே வரவேண்டும். முல்லைத்தீவில் இருப்பவற்றின் பிரதி வெளியே போகவேண்டும். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் நினைவு மலர்களையும் மின்னேற்றி வருகிறது. அந்த அனுபவத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அரசின் கடமையைத் தன்னார்வலர் தோளில் இறக்கிவிடக்கூடாது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் தம்மிடமுள்ள உறுதி, சாதகக் குறிப்பு, நினைவு மலர், பழைய கடிதங்களின் பிரதியைக் கொடுக்கவேண்டும். இதில் காலம் நம் பக்கம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அன்று அலுவலகங்களில் இருந்த ஆவணங்களைக் குறைந்தது பத்து ஆண்டு பாதுகாக்கவேண்டும் என்று விதித்தது. அந்தப் பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் முடிகிறது. அதற்குள் மாவட்டச் செயலகமும், வலயக் கல்வி அலுவலகங்களும், பிரதேச செயலகங்களும் தமது பழைய இடாப்புகளில் ஒன்றையும் கழிக்கக்கூடாது என்று எழுத்தில் பணிக்கவேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதை முன்வைக்குமாறு வன்னி மக்கள் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.